வாலுக்குப் பின்னால் நிற்காதே!

கோலார் தங்கவயலில் இருந்து பூதிக்கோட்டை அதிகத் தூரமில்லை. மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊர் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர். படை வீரராக இருந்தே ஆட்சிக்கு வந்தார். அவருடைய குதிரைப்படை பாய்ந்து வந்த வேகத்தில் ஆங்கிலேயப் படையே திணறியிருக்கிறது.

இங்கேதான் ஒரு சந்தேகம். சாக்குப்பை காற்றில் ஆடினாலே மிரண்டு ஓடுகிற பிராணி, பீரங்கி முழங்கும் களத்துக்குள் எப்படிப் போனது? அடித்து ஓட்டினார்களோ? அடிபட்ட குதிரை இன்னும் அதிகமாக அல்லவா மிரளும்!

குதிரை புல் தின்னும் பிராணி. ஆபத்து வந்தால் முதலில் ஓடும், பிறகுதான் யோசிக்கும். அதற்கேற்ப கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை பார்த்துவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பழகியவர்கள் பேச்சுக் கொடுத்தபடி தோள் பக்கமாக வருவது அதனால்தான். சத்தமில்லாமல் பின்னால் போய் உதை வாங்கினால், குதிரையைக் குற்றம் சொல்ல முடியாது.

துடுக்கான குதிரையைப் பழக்குவதில் உண்மையான வித்தை, இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓரடி முன்னால் வைக்கிறது. அந்த நொடியே கயிறு தளர வேண்டும். தாமதித்தால், எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. சரியாகச் செய்தால், 'இந்த ஆள் சொல்வதைக் கேட்டால் தொல்லை நின்றுவிடும்' என்று கற்றுக்கொள்ளும்.

பிடரி மயிர் முடிகிற மேட்டில் சொறிந்துவிடுவதும் நல்லது. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸ் நாட்டுக் குதிரைகளிடம் அளந்து, 1993இல் எழுதியிருக்கிறார்கள்.

சரி, பீரங்கிக்கு வருவோம். மைசூர் தசராவில் 21 குண்டு முழங்கும். அதற்குச் சில வாரம் முன்பே யானைகளையும் குதிரைகளையும் கூட்டிவந்து, வெடித்துக் காட்டிப் பழக்குகிறார்கள். சத்தத்துக்குப் பின் கெடுதல் எதுவும் வரவில்லை என்று பலமுறை கண்டால் பயம் மெல்லத் தேயும். பக்கத்தில் நிற்கும் பாகனும் பதறக் கூடாது.

ஏனென்றால் குதிரை நம் முகத்தையும் படிக்கும். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியதும் குதிரைகள் இடது கண்ணால் அதைப் பார்த்தன. இதயமும் வேகமாக அடித்தது. வெறும் படத்துக்கே இப்படி! கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வரும் முகத்தோடு லாயத்துக்குள் நுழைவதைத் தள்ளிப்போடலாம்.