லியுட்மிலா கிச்செனோக்

லியுட்மிலா கிச்செனோக் (பிறப்பு: 20 ஜூலை 1992) உக்ரைன் நாட்டைச் சேர்ந்த தொழில்முறை டென்னிஸ் வீராங்கனை ஆவார். இரட்டையர் ஆட்டங்களில் சிறந்து விளங்கும் இவர், 2023இல் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் 2024இல் அமெரிக்க ஓப்பன் பெண்கள் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். இரட்டையர் தரவரிசையில் உலகின் மூன்றாம் இடம் வரை உயர்ந்தார். ஒற்றையர் தரவரிசையில் இவர் முதல் நூறு இடங்களுக்குள் வந்ததில்லை.

தொடக்கமும் இரட்டைச் சகோதரியும்

லியுட்மிலா பிறந்த ஊர் கிழக்கு உக்ரைனிலுள்ள தினிப்ரோ. அப்போது அந்நகரின் பெயர் தினிப்ரோபெத்ரோவ்ஸ்க். உடன்பிறந்த இரட்டையரான நாதியாவும் தொழில்முறை டென்னிஸ் வீராங்கனையே. தொடக்க ஆண்டுகளில் சகோதரிகள் இருவரும் பல போட்டிகளில் இணையாக ஆடினர். 2015இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்த மகளிர் டென்னிஸ் சங்கத் தொடரில் இருவரும் சேர்ந்து பட்டம் வென்றனர்.

பின்னர் இருவரும் வெவ்வேறு வீராங்கனைகளுடன் ஆடத் தொடங்கினர். 2021இல் சிகாகோவில் நடந்த ஓர் இறுதியாட்டத்தில் அவர்கள் வலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். நாதியா ருமேனியாவின் ரலூக்கா ஒலாருவுடனும், லியுட்மிலா ஜப்பானின் மகோதோ நினோமியாவுடனும் ஆடினர். அந்த ஆட்டத்தில் நாதியாவின் இணை வென்றது.

இரட்டையர் ஆட்டக்காரரின் நிலை

ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் எதிரணிகளில் ஆட நேர்வதற்கு இரட்டையர் ஆட்டத்தின் அமைப்பே காரணம். இரட்டையர் தரவரிசை இணைக்கு உரியதன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. ஒரு போட்டியில் கிடைக்கும் புள்ளிகள் இருவருடைய கணக்கிலும் முழுமையாகச் சேரும். இணை பிரிந்தாலும் அவரவர் புள்ளிகள் அவரவருடனேயே இருக்கும். ஒரு போட்டியில் இடம் கிடைப்பது இருவருடைய தரவரிசையையும் கூட்டிப் பார்த்தே முடிவாகிறது. ஆகவே நல்ல தரவரிசை உடைய துணையைத் தேடுவதும், அவருடைய ஆட்டத்துக்கேற்பத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்வதும் இரட்டையர் ஆட்டக்காரரின் அன்றாட வேலையாகின்றன. லியுட்மிலா 2019இல் ஸ்லோவேனியாவின் ஆந்திரேயா கிளெபாச்சுடன் இணைந்து சீனாவின் ஜுஹாய் நகரில் ஆண்டிறுதித் தொடர் ஒன்றை வென்றார்.

ஓஸ்டாபென்கோவுடன்

2017 பிரெஞ்சு ஓப்பன் ஒற்றையர் பட்டத்தை வென்றவரான லாத்வியாவின் யெலெனா ஓஸ்டாபென்கோவுடன் அமைந்த இணையே லியுட்மிலாவை முன்னணிக்குக் கொண்டுவந்தது. ஓஸ்டாபென்கோ பந்தை வேகமாக அடித்துப் புள்ளிகளை விரைவாக முடிக்கும் ஆட்டக்காரர். 2022இல் இவர்கள் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் ஆகிய இரண்டிலும் அரையிறுதி வரை சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சின்சினாட்டி தொடரில் பட்டம் வென்றனர். 2024 ஜனவரியில் பிரிஸ்பேன் பட்டம் கிடைத்தது. அம்மாதமே ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியாட்டத்தில் தைவானின் ஷியே சு-வேய், பெல்ஜியத்தின் எலிஸ் மெர்ட்டென்ஸ் இணையிடம் 1–6, 5–7 எனத் தோற்றனர்.

விம்பிள்டன் 2023

லியுட்மிலாவின் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் கலப்பு இரட்டையரில் வந்தது. குரோவாசியாவின் மாத்தே பாவிச்சுடன் ஆடிய அவர், 2023 ஜூலையில் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் பெல்ஜியத்தின் யோரன் விலீகன், சீனாவின் ஷு யிஃபான் இணையை 6–4, 6–7, 6–3 என்ற கணக்கில் வென்றார்.

அமெரிக்க ஓப்பன் 2024

2024 அமெரிக்க ஓப்பனில் லியுட்மிலாவும் ஓஸ்டாபென்கோவும் ஏழாம் நிலை இணையாகக் களமிறங்கினர். லியுட்மிலா ஓஸ்டாபென்கோவின் பயிற்சியாளரான ஸ்டாஸ் ஹ்மார்ஸ்கியை மணக்க அப்போட்டியின் இரண்டாம் வாரத்தில்தான் நாள் குறித்திருந்தார். அரையிறுதியும் அதே புதன்கிழமையில் வந்து சேர்ந்தது. திருமணம் தள்ளிவைக்கப்பட்டது. அரையிறுதியில் வென்ற இணை, செப்டம்பர் 6 அன்று நடந்த இறுதியாட்டத்தில் பிரான்சின் கிறிஸ்தினா மிளாடெனோவிச், சீனாவின் ஜாங் ஷுவாய் இணையை 6–4, 6–3 என வென்றது. அப்போது லியுட்மிலாவுக்கு வயது 32. உக்ரைன் வீராங்கனைகளில் 2008 ஆஸ்திரேலிய ஓப்பனை வென்ற அல்யோனா, கத்தெரினா பொந்தரென்கோ சகோதரிகளுக்குப் பின் பெண்கள் இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்றவர் இவரே.

அடுத்த ஆண்டில் இந்த இணை தொடரவில்லை. 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஓஸ்டாபென்கோ ஆடியது ஷியே சு-வேயுடன். முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் தங்களைத் தோற்கடித்தவருடனேயே அவர் இணைந்திருந்தார்.

போர்க்காலமும் நாட்டு அணியும்

லியுட்மிலாவின் பெரிய வெற்றிகள் அனைத்தும் 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கிய பிறகு வந்தவை. போரினால் உக்ரைனில் பன்னாட்டு ஆட்டங்களை நடத்த இயலவில்லை. பில்லி ஜீன் கிங் கோப்பைக்காக 2024 ஏப்ரலில் ருமேனியாவை எதிர்த்து உக்ரைன் தன் சொந்தக் கள ஆட்டத்தை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆடியது. ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களுடன் ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குவதை உக்ரைன் வீராங்கனைகள் நிறுத்திக்கொண்டனர்.

இக்கோப்பையின் இறுதிச் சுற்றுகளில் இரு நாடுகளுக்கிடையே இரண்டு ஒற்றையர் ஆட்டங்களும் ஓர் இரட்டையர் ஆட்டமும் நடைபெறும். ஒற்றையர் ஆட்டங்கள் 1–1 எனச் சமமானால் இரட்டையரே முடிவைத் தீர்மானிக்கும். 2025 செப்டம்பரில் உக்ரைன் முதன்முறையாக அரையிறுதியை எட்டியபோது அந்நிலை ஏற்பட்டது. மார்த்தா கோஸ்த்யுக்குடன் ஆடிய லியுட்மிலா, இத்தாலியின் சாரா எர்ரானி, யாஸ்மின் பவோலினி இணையிடம் தோற்க, இத்தாலி இறுதிக்குச் சென்றது. அந்த ஆட்டம் நடந்த இடம் ஷென்ஜென். பத்து ஆண்டுகளுக்கு முன் சகோதரியுடன் அவர் பட்டம் வென்றதும் அதே நகரில்தான்.