வண்டு சொல்லும் சாட்சி

எங்கள் பள்ளித் திடலின் ஓரத்தில் நின்ற பழைய ரம்புத்தான் மரம் சென்ற மழைக்காலத்துக் காற்றில் சாய்ந்தது. சில வாரங்களில் அதன் அடிமரத்தைச் சுற்றி மாவு போன்ற தூள் கொட்டிக் கிடக்கக் கண்டோம். பட்டையில் குண்டூசித் தலையளவில் பல துளைகள்! "வண்டு அரித்துவிட்டது, எரித்துவிட வேண்டியதுதான்" என்றார் தோட்டக்காரர். வீட்டு நாற்காலிக்குப் பகையான வண்டு, காட்டிற்கு ஒரு சாட்சியாகும். அஃது எங்ஙனம் எனக் காண்போம்.

மரம் துளைக்கும் வண்டுகள் யாவும் ஒரே குணம் உடையன அல்ல. குண்டூசித் துளையிடும் சிறு வண்டு மரத்தை உணவாகக் கொள்வதில்லை. பூஞ்சண வித்தைத் தன்னுடன் சுமந்து வந்து துளையின் சுவரில் விதைத்து, விளைந்ததை உண்கிறது; அதன் புழுக்களும் அதையே உண்டு வளர்கின்றன. உழவுத் தொழிலை மனிதனுக்கு மிக முன்பே கற்ற உயிர் இது! வாடிய மரத்தின் புளித்த வாசனை கிடைத்தால் போதும். பெரும்பாலும் எம்மரம் என்று பார்ப்பதில்லை.

நீள்கொம்பு வண்டோ வேறு வகையினது. இதன் புழு மரத்தினுள்ளேயே பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில் வாழும். இவ்வண்டுகளுள் பல, குறிப்பிட்ட சில மரங்களையே நாடும். ஆகவே பலவகை மரங்களும், முதிர்ந்த மரமும், பட்ட மரமும் ஒருங்கே உள்ள காட்டில்தான் இவற்றின் இனங்கள் பல்கும்.

2021ஆம் ஆண்டில் மலேசியாவில் 10 கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கப்பட்டது. நட்ட கன்றுகளை எண்ணுதல் எளிது. நட்டது காடாயிற்றா என்று அறிதல் அரிது. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டாலும் தொலைவிலிருந்து பச்சையாகவே தோன்றும். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிமார் இதனை நன்கு அறிவர்.

போர்னியோத் தீவின் கிழக்குக் கலிமந்தானில் 1982-83இலும் 1997-98இலும் மூண்ட பெருந்தீ காடுகளை அழித்தது. லாலான் புல் மண்டிய நிலங்களில் அக்காசியா மரங்கள் நடப்பட்டன. அப்பகுதியில் ஜப்பானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் நீள்கொம்பு வண்டுகளைக் கொண்டு காட்டின் நிலையை ஆராய்ந்தனர். முறை எளியது. புதிதாக வெட்டிய பலா இனக் கிளைகளை இலையோடு கட்டித் தொங்கவிடுவர். கிளை வாட வாட வண்டுகள் வந்து சேரும். சில நாள் கழித்து, கீழே துணி விரித்துக் கிளையைத் தட்டினால் அவை விழும். பழைய காட்டிலும் நட்ட காட்டிலும் இவ்வாறே செய்து இனங்களை ஒப்பிடலாம். எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. எரிந்த காட்டில் பட்ட மரம் மிகுதியாதலால், சில இனங்கள் அங்கும் கூட்டமாகப் பெருகும். பழைய காட்டிற்கே உரிய இனங்கள் திரும்பினவா என்பதே கேள்வி.

கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாக இருந்த நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். 2025இல் யுனெஸ்கோ அக்காட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏறக்குறைய நூறாண்டு வளர்ந்த காட்டில் பெருமரம் தானே பட்டு விழும். இளங்காட்டில் கிடைக்காத பொருள் அதுவே. விழுந்ததை உடனே அகற்றித் துப்புரவு செய்துவிட்டால், வண்டு எங்கே குடியிருக்கும்?

தோட்டக்காரர் இசைந்ததால் எங்கள் ரம்புத்தான் அடிமரம் இன்னும் திடலோரத்தில் கிடக்கிறது. இதுவரை மூவகைத் துளைகளைக் கண்டுள்ளோம். அவற்றுள் ஒன்று சிறுவிரல் நுழையும் அளவினது. அதனை இட்ட வண்டை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை.