நியாயமற்ற வங்கிக் கட்டணங்களை மீட்டல்

நியாயமற்ற வங்கிக் கட்டணங்களை மீட்டல் என்பது, வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து விதிகளுக்கு மாறாக வங்கி பிடித்தம் செய்த தொகையைத் திரும்பப் பெறும் நடைமுறையாகும். இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகள் சிறு வழக்கு நீதிமன்றங்களில் தொடுக்கப்படுகின்றன. இந்தியாவில் அதே பணியை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் செய்கின்றனர். காயல்பட்டினத்தில் வசிப்பவருக்கு உரிய மன்றம் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆகும்.

இவ்வகைப் புகார்களில் 'கட்டணம் அதிகம்' என்ற வாதம் வலுவற்றது. 'கட்டணம் பிடிக்கும் முன் வங்கி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை' என்ற வாதமே வலுவானது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் உச்ச நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகள் இந்த வேறுபாட்டை உணர்த்துகின்றன.

பின்னணி

காயல்பட்டினம் தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் உள்ள நகராட்சி. முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பழைய வணிக ஊர்களுள் ஒன்று. தாமிரபரணி முகத்துவாரப் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாண்டிய நாட்டில் கடன் கொடுத்தவர், தவணை சொல்லி ஏமாற்றும் கடனாளியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்துவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அந்த வட்டத்தை விட்டு வெளியேற முடியாது என்றும், அயலூர் வணிகர் ஒருவர் அரசனையே இப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதைத் தாம் கண்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

இன்று இவ்வூரார் பலர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் தொழில் செய்கின்றனர். ஒரே வீட்டில் பல வங்கிக் கணக்குகள் இருப்பதும், அவற்றுள் சில மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடப்பதும் இயல்பு. இவ்வாறு கிடக்கும் கணக்குகளில்தான் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற பெயரில் சிறு சிறு தொகைகள் தொடர்ந்து கழிகின்றன.

தனித்தனியே பார்த்தால் இவை சிறு தொகைகளே. ஆனால் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த ஒரு வகைக் கட்டணத்தில் மட்டும் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இந்திய ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்த இக்கட்டணத்தை 2020 மார்ச்சில் கைவிட்டது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025-இன் நடுப்பகுதியில் கைவிட்டன.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இங்கிலாந்தில் 2005-க்குப் பிறகு, கணக்கில் இருப்பை மீறிய செலவுக்கு வங்கிகள் விதித்த அபராதங்களைத் திரும்பக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் சிறு வழக்குகள் தொடுத்தனர். பல வங்கிகள் விசாரணைக்கு முன்பே பணத்தைத் திருப்பித் தந்தன. 2007-இல் நியாய வணிக அலுவலகம் முன்மாதிரி வழக்கு ஒன்றைத் தொடுத்தது. அதில் 2009 நவம்பர் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அக்கட்டணங்கள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி என்பதால், விலை கூடுதலா குறைவா என்ற அடிப்படையில் அவற்றின் நியாயத்தை ஆராய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தியாவிலும் ஏறத்தாழ இதே நிலை ஏற்பட்டது. கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் மிகை என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றங்கள் மறுபடி ஆராயக் கூடாது என 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21அ பிரிவும் கூறுகிறது.

எனினும், வங்கி விதியை மீறியதா என்று ஆராய இவை தடையல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சட்டத்தாலோ சட்டத்தின் கீழோ பேணப்பட வேண்டிய முறையில் சேவை வழங்கப்படாததைச் 'சேவைக் குறைபாடு' என வரையறுக்கிறது. அச்சட்டத்தில் வங்கிச் சேவையும் அடங்கும். ஆகவே ரிசர்வ் வங்கி வகுத்த விதியை மீறிப் பிடித்த கட்டணத்தைச் சேவைக் குறைபாடு எனக் காட்டிக் கேட்கலாம்.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

கட்டணம் பிடிக்கப்பட்ட நாளில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுவே பொருந்தும். அடிக்கடி பயன்படும் விதிகள் வருமாறு:

குறைந்தபட்ச இருப்பு: 2014 நவம்பர் 20 சுற்றறிக்கை 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் வங்கி அதைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு தந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பு சரிசெய்யப்படாவிட்டால்தான் கட்டணம் விதிக்கலாம். கட்டணம் பற்றாக்குறைத் தொகையின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும். கட்டணத்தால் மட்டும் கணக்கு சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது.

செயல்படாத கணக்கு: செயல்படாதது என வகைப்படுத்தப்பட்ட சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் விதிக்க 2014 மே மாதத்திலேயே தடை வந்தது.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு: 2012-இல் அறிமுகமான இவ்வகைக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை.

குறுஞ்செய்திக் கட்டணம்: உண்மையில் அனுப்பிய செய்திகளின் அளவுக்கே கட்டணம் அமைய வேண்டும் என 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

கடனை முன்கூட்டி அடைத்தல்: தனிநபர் பெற்ற, மாறும் வட்டி கொண்ட தவணைக் கடனை முன்கூட்டி அடைத்தால் அதற்குக் கட்டணம் வாங்க 2014 மே மாதத்தில் தடை விதிக்கப்பட்டது. தொழில் அல்லாத பிற நோக்கங்களுக்கான கடன்களுக்கே இது பொருந்தும் என 2019-இல் தெளிவுபடுத்தப்பட்டது.

ஏ.டி.எம். பரிவர்த்தனை: பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இது 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் உள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒரு சேமிப்புக் கணக்கில் 90 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். வங்கி முன்னறிவிப்பு இல்லாமல் 150 ரூபாய் அபராதம் விதித்து, கணக்கில் 60 ரூபாய் பற்று காட்டுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் 5,000 ரூபாய் அனுப்பியதும் அந்த 60 ரூபாயும் கழிக்கப்படுகிறது. இங்கே 150 ரூபாய் நியாயமான தொகையா என்று வாதிடத் தேவையில்லை. அறிவிப்பு தரப்படவில்லை, ஒரு மாத அவகாசம் தரப்படவில்லை, கணக்கு சுழியத்துக்குக் கீழே கொண்டு செல்லப்பட்டது என மூன்று மீறல்களைக் காட்டினால் போதும். கட்டணத்தின் மீது விதித்த சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வங்கியிடம் முறையிடல்

முதல் படி, கணக்கு விவர அறிக்கையைப் பெற்று, ஒவ்வொரு பிடித்தத்தையும் தேதி, தொகை, வங்கி இட்ட குறிப்பு ஆகியவற்றுடன் பட்டியலிடுவது. அடுத்து, எந்த விதியின்படி பிடிக்கப்பட்டது, முன்னறிவிப்பு எந்த நாளில் எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டு, தொகையைத் திருப்பித் தரும்படி கிளை மேலாளருக்கு எழுத வேண்டும். கடிதத்தைத் தபாலில் அனுப்பி ஒப்புகை பெறுவதோ, நகலில் வங்கியின் முத்திரை பெறுவதோ நல்லது. வாய்மொழிப் புகாருக்குப் பிற்பாடு சான்று இராது.

குறைதீர்ப்பாளர்

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின்படி, வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ இங்கு புகார் செய்யலாம். பதில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என 2021-ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்திருந்தது. கட்டணம் இல்லை. இணையவழியிலோ, சண்டிகரில் உள்ள மையப்படுத்தப்பட்ட புகார் மையத்துக்குத் தபாலிலோ அனுப்பலாம். புகார்தாரரின் சார்பில் வழக்கறிஞர் புகார் செய்ய இயலாது.

வங்கியின் வணிக முடிவு சார்ந்த புகார்கள் இங்கு ஏற்கப்படுவதில்லை. எனவே கட்டணத்தின் அளவை மட்டும் குறைசொல்லும் புகார் தள்ளுபடியாகக்கூடும். விதிமீறலைக் குறிப்பிட்டு எழுதுவது இங்கும் அவசியம்.

நுகர்வோர் ஆணையம்

2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் முக்கியமான மாற்றங்களுள் ஒன்று, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது. கணக்கு சென்னைக் கிளையில் இருந்தாலும், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், காயல்பட்டினத்தில் வசிப்பவர் தூத்துக்குடியில் புகார் செய்யலாம்.

சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிடித்தம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் அதை மன்னிக்கலாம். குறைதீர்ப்பாளரின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தக் காலவரம்பைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அதே பிரச்சினையை முதலில் ஆணையத்துக்குக் கொண்டுசென்றவர் பிறகு குறைதீர்ப்பாளரை அணுக இயலாது.

எதிர்தரப்பான வங்கி 30 நாட்களுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். மேலும் 15 நாட்கள் மட்டுமே நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இதே விதியைப் பற்றி 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. விசாரணை பெரும்பாலும் உறுதிமொழி ஆவணத்தையும் எழுத்துச் சான்றுகளையும் கொண்டே நடக்கும். விண்ணப்பித்தால் காணொலி வழியாக ஆஜராக ஆணையம் அனுமதிக்கலாம். இது வெளிநாட்டில் இருப்போருக்கு உதவியாக இருக்கும்.

பிடித்த தொகை, இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தரும்படி ஆணையம் உத்தரவிடலாம். மேல்முறையீட்டை 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் செய்ய வேண்டும். உத்தரவிட்ட தொகையில் பாதியைச் செலுத்திய பிறகே வங்கியின் மேல்முறையீடு ஏற்கப்படும்.

வரம்புகள்

ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்று வாதிடும் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. அது மாநில ஆணையத்துக்கு உரியது. லாப நோக்குள்ள தொழிலுக்காகப் பெற்ற வங்கிச் சேவையைப் பற்றிய புகாரும் தடைபடலாம். பங்குத் தரகர் ஒருவர் தம் தொழிலுக்காகப் பெற்ற மிகைப்பற்று வசதி தொடர்பான வழக்கில், அவர் நுகர்வோர் அல்லர் என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனவே கடையின் நடப்புக் கணக்கையும் வீட்டுச் சேமிப்புக் கணக்கையும் ஒரே புகாரில் கலக்காமல் இருப்பது நல்லது.

உத்தரவை நிறைவேற்றுதல்

ஆணையத்தின் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையாக நிறைவேற்றத்தக்கது. அதற்கு இணங்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மீட்க வேண்டிய தொகை சில நூறு ரூபாயாக இருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும்.