காய்ச்சல் அடிக்காமலே கிருமி தாக்கும்!
வயதானவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் முன் உஷார்!

"காய்ச்சல்தான் இல்லையே, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" வீட்டில் பெரியவர்கள் சுருண்டு படுத்தால் பலரும் சொல்வது இதுதான். அங்கேதான் ஆபத்து!

வயதானவர்களுக்கு நுரையீரலிலோ சிறுநீரிலோ கிருமி தாக்கினாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். திடீர்க் குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, "சோறு வேண்டாம்" என்பது, நடக்கும்போது விழுவது – இவையே அறிகுறியாக இருக்கலாம்.

சிறுநீரகம் தளரும்

மருந்திலும் கவனம் தேவை. வயது ஏற ஏற, மருந்தை வெளியேற்றும் வேகம் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. மகனுக்குச் சரியான அளவு, அப்பாவுக்கு அதிகமாகிவிடலாம்!

ரத்தத்தில் 'கிரியேட்டினின்' சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. சதை வற்றியவர்களுக்கு, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அது சாதாரணமாகவே காட்டும். அதனால் வயது, எடையையும் பார்த்தே டாக்டர்கள் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

மாத்திரைகள் மோதும்

பலரும் கடையில் கேட்டு வாங்கும் 'சிப்ரோபிளாக்சசின்' மாத்திரையைப் பாருங்கள். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு விழுங்கினால் மருந்தே சரியாக உடம்பில் சேராது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோகும் அபாயம் அதிகம் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

என்ன செய்வது?

போன தடவை மிச்சமான மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீங்க. தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்க. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை அரசு மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் விட்டுவிடாதீங்க!