தொலைபேசிக் குறியீடே பெயர்: கிராமி வென்ற ‘662’ இசைத் தொகுப்பின் பின்னணி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தைச் சேர்ந்த ப்ளூஸ் கிதார் கலைஞர் கிறிஸ்டோன் ‘கிங்ஃபிஷ்’ இங்ரம், தமது ‘662’ என்ற ஸ்டுடியோ ஆல்பத்துக்காக 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி கிராமி விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. மூத்த தலைமுறையின் இசை என்று பரவலாகக் கருதப்படும் ப்ளூஸை இளைஞர் ஒருவர் முன்னெடுத்துச் செல்வதால் இந்த வெற்றி தனிக் கவனம் பெற்றது.

பெயர்க் காரணம் என்ன?

662 என்பது வடக்கு மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீடு. நம் நாட்டின் எஸ்டிடி எண்ணைப் போன்றது. இப்பகுதியில் உள்ள கிளார்க்ஸ்டேல் நகரில் 1999-இல் பிறந்தவர் இங்ரம். பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்களிடையே ப்ளூஸ் வளர்ந்த நிலப்பகுதி இது. புகழ்பெற்ற பாடகர் மடி வாட்டர்ஸ், இந்நகரை அடுத்த ஸ்டோவல் தோட்டத்தில் வாழ்ந்து, 1943-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த மரபை இங்ரம் சிறுவயதிலேயே உள்ளூர் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தின் இசை வகுப்புகளில் கற்றார்.

பாடல்களில் இருப்பது என்ன?

டாம் ஹேம்பிரிட்ஜ் தயாரித்த இத்தொகுப்பை, சிகாகோவின் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 2021 ஜூலை 23-இல் வெளியிட்டது. 2019-இல் வெளியான முதல் தொகுப்பு ‘கிங்ஃபிஷ்’ இங்ரமுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய தாயார் பிரின்சஸ் பிரைட் இங்ரம் காலமானார். மகனின் இசைப் பயணத்துக்குப் பெருந்துணையாக இருந்த தாயாருக்கான அஞ்சலியாக ‘ராக் அண்ட் ரோல்’ பாடல் அமைந்துள்ளது. ‘அனதர் லைஃப் கோஸ் பை’ என்ற பாடல், இனவெறியையும் அதனால் பறிபோகும் உயிர்களையும் பற்றிப் பேசுகிறது. சொந்த ஊர், சொந்த இழப்பு, சமகாலச் சமூகம் ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்கின்றன.

வரவேற்பு எப்படி?

கிராமியில் ப்ளூஸுக்கு ‘மரபு’, ‘சமகாலம்’ என இரு பிரிவுகள் உள்ளன. ராக், சோல் போன்ற பிற இசைகளின் கூறுகளை ஏற்கும் ஆக்கங்கள் சமகாலப் பிரிவில் இடம்பெறும். இங்ரமின் முதல் தொகுப்பு மரபுப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டபோதிலும் விருது கிட்டவில்லை. ‘662’ சமகாலப் பிரிவில் போட்டியிட்டது. ஜோ போனமாசா, தி பிளாக் கீஸ், ஷெமிகியா கோப்லண்ட், ஸ்டீவ் கிராப்பர் ஆகியோரின் தொகுப்புகளை முந்தி அது வென்றது. அதே ஆண்டு, ப்ளூஸ் அறக்கட்டளை வழங்கும் ப்ளூஸ் இசை விருதுகளிலும் சிறந்த சமகாலத் தொகுப்பாகத் தேர்வானது.

ஒரே கலைஞரின் அடுத்தடுத்த இரு தொகுப்புகள் இரு பிரிவுகளிலும் ஏற்கப்பட்டது, மரபுக்கும் புதுமைக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டுகிறது. பிழைப்புக்காகவும் புகழுக்காகவும் கலைஞர்கள் பலர் விட்டுச் சென்ற ஊரின் எண்ணையே தலைப்பாக வைத்த தொகுப்பு, அந்த ஊரை மீண்டும் இசை உலகின் பேச்சுக்குக் கொண்டுவந்துள்ளது.