செல்ல நாயின் இருதயக் கதவு

கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் ஜாதி நாய்களைத் தமக்குள்ளேயே இணைத்து இனவிருத்தி செய்வது பிராணி நலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்ததைப் படித்த வாசகர் ஒருவர், அது அவ்வளவு மூர்க்கமான மிருகமா என்று வினவியிருக்கிறார். மூர்க்கம் அதன் சுபாவத்திலேயே இல்லை. யார் மடியில் இடம் கிடைத்தாலும் பரம திருப்தியோடு அமர்ந்துவிடும், எட்டுக் கிலோவுக்குள் அடங்கும் சாது அது. விரோதி அதன் மார்புக்குள் இருக்கிறது.

1926-இல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களிலுள்ள நீண்ட மூக்கு நாய்க்கு லண்டன் கண்காட்சியில் 25 பவுன் பரிசு அறிவித்ததும், அதன் விளைவாகச் சில நாய்களிலிருந்தே இந்த வம்சம் பெருகியதும் சரித்திரம். சில மூதாதையரின் இருதயக் குறை வம்சம் முழுவதும் பரவ இவ்வளவு போதும்.

இருதயத்தின் இடப்பாகத்தை ஒரு பழைய கல்யாண வீடாகப் பாவியுங்கள். நுரையீரலாகிய திண்ணையிலிருந்து ரேழிக்கு வரும் ரத்தமாகிய விருந்தினர் கூட்டம், இரட்டைக் கதவைக் கடந்து கூடத்தில் நிறைந்து, கூடம் சுருங்கியதும் கொல்லை வாசலால் உடலெங்கும் செல்ல வேண்டும். கூட்டத்தின் நெருக்கடியே கதவைச் சாத்துகிறது, கதவு ரேழிப் பக்கம் புரண்டுவிடாதபடி கூடத்துச் சுவரிலிருந்து கயிறுகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. கவாலியர் நாயில் இந்தக் கதவின் விளிம்பு மழையில் ஊறிய பலகைபோல் தடித்துச் சுருள்கிறது; கயிறு நைந்து தளர்கிறது, சிலசமயம் அறுந்தும் போகிறது. கதவு சரியாகச் சாத்தாமல், கூடத்துக்குப் போனவர்களில் சிலர் ரேழிக்கே திரும்புகிறார்கள். அந்தத் தள்ளுமுள்ளின் ஓசையே வைத்தியரின் குழாயில் கேட்கும் முணுமுணுப்பு. திரும்பியவர்களும் புதிதாய் வந்தவர்களுமாகச் சேர்ந்து ரேழியும் கூடமும் விரிய விரிய, நிலைச்சட்டமும் அகன்று கதவுகள் இன்னும் விலகுகின்றன. வியாதி தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சியே என்னை வியக்கவும் வருந்தவும் வைப்பது. முடிவில் திண்ணையிலும் கூட்டம் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்து, நாய் மூச்சுக்குத் தவிக்கிறது. மற்றச் சிறு ஜாதிகளுக்கு முதுமையில் வரும் முணுமுணுப்பு, இந்த ஜாதியில் ஐந்து வயதிலேயே ஏறக்குறைய பாதி நாய்களுக்கு வந்துவிடுகிறது.

பிமோபென்டான் என்ற மருந்தைச் சஞ்சீவி என்பவர்களை நம்ப வேண்டாம். இருதயம் பெருத்தும் அறிகுறி தோன்றாத நாய்களுக்கு அது ஏறத்தாழ 15 மாத அவகாசம் தருவதாக 2016-இல் வெளியான ஆராய்ச்சி கண்டது. அது பெரிய உபகாரந்தான், ஆனால் கதவைச் செப்பனிடவில்லை. குட்டியின் இருதயம் சுத்தம் என்ற விற்பனையாளரின் சான்றிதழும் அப்படியே; குட்டிப் பருவத்தில் இந்த வியாதியின் முணுமுணுப்பு பெரும்பாலும் இராது. வாங்க விரும்புவோர் கேட்க வேண்டியது, பெற்றோரின் இருதயம் இரண்டரை வயதுக்கு மேலும், பாட்டன் பாட்டியரின் இருதயம் ஐந்து வயதிலும் எப்படி ஒலித்தது என்பதையே.