"கிரவுண்ட் ஃப்ளோர்ல இருக்கேன், லிஃப்ட்டுக்கு நான் ஏன் காசு கட்டணும்?" ஃப்ளாட் ஓனர்கள் போட வேண்டிய கணக்கு



ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன மாசம் பேசினார். மனைவி வேலூர்ல நர்ஸ். ரெண்டு பேர் சம்பளத்தையும் நம்பி ஹோம் லோன் போட்டு, வேலூர்ல எட்டு வீடு இருக்கிற ஒரு கட்டிடத்துல கிரவுண்ட் ஃப்ளோர் ஃப்ளாட் வாங்கி மூணு வருஷம் ஆகுது. அவங்க குடும்பத்துல ஃப்ளாட் வாங்கின முதல் ஆள் அவர்தான்.

இப்போ லிஃப்ட் ரிப்பேர். வீட்டுக்கு 18,000 ரூபாய் கேட்கிறாங்க. "அண்ணா, நான் அந்த லிஃப்ட்ல ஒரு நாள்கூட ஏறினதில்ல. நான் ஏன் கட்டணும்?" இதுதான் அவர் கேள்வி.

நான் திருப்பிக் கேட்டேன்: "மொட்டை மாடி சாவி யார்கிட்ட இருக்கு?"

"பில்டர்கிட்டதான். மேல செல்போன் டவர் வரப்போகுதுன்னு பேச்சு."

"வந்தா அந்த வாடகை யாருக்கு?"

"எங்களுக்கும் பங்கு வரணும்ல?"

"மாடிக்கும் நீங்க தினமும் போறதில்லையே தம்பி!"

அவர் கொஞ்ச நேரம் பேசல. ஃப்ளாட் வாங்கின நிறைய பேர் சிக்கிக்கிற இடம் இதுதான். பொது இடத்துல வருமானம் வந்தா நம்மது, செலவு வந்தா அடுத்தவங்களது! சட்டம் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காது.

நீங்க வாங்கினது ரெண்டு சொத்து

ஃப்ளாட்னா நாலு சுவருக்குள்ள இருக்கிற இடம் மட்டும்தான்னு நினைக்கிறோம். பத்திரத்தை எடுத்துப் பாருங்க. அதுல யுடிஎஸ்னு சொல்ற பிரிக்கப்படாத நிலப் பங்கும் இருக்கும். கட்டிடத்துக்கு வருஷா வருஷம் வயசாகும், மதிப்பு குறையும். நிலத்துக்கு அப்படி இல்ல. 25 வருஷம் கழிச்சு உங்க சொத்து மதிப்புல பெரும்பங்கு அந்த யுடிஎஸ்லதான் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 4,000 சதுர அடி மனை, ஒரே அளவுல எட்டு ஃப்ளாட். ஒவ்வொருத்தர் பேர்லயும் 500 சதுர அடி பதிவாகணும். பில்டர் 400 மட்டும் எழுதிக் கொடுத்திருந்தா, 800 சதுர அடி இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்குன்னு அர்த்தம். நாளைக்கு அதைக் காட்டி இன்னொரு மாடி கட்டுறேன்னு வந்து நிப்பாங்க. அந்தத் தெருவுல சதுர அடி 3,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 100 சதுர அடி குறைஞ்சதுல உங்களுக்கு மட்டும் 3 லட்சம் போச்சு. 18,000 ரூபாய்க்கு சண்டை போடுற தம்பி இதைப் பார்க்கவே இல்ல.

எட்டு வீடு கட்டிடத்துல ஒரு சிக்கல்

ரெரா சட்டம் 2016ல வந்தது. பெரிய திட்டங்கள்ல வாங்கினவங்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. அசோசியேஷன் அமைக்க பில்டர் வழி செய்யணும், பொது இடங்களை அதன் பேருக்கு மாத்திக் கொடுக்கணும். சாவி வாங்கி 5 வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சா தன் செலவுல சரிபண்ணணும். கூடவே, மெயின்டனன்ஸ் கட்டுறதும் அசோசியேஷன் அமைக்கிறதுல கலந்துக்கிறதும் வாங்கினவரோட கடமைன்னு அதே சட்டம் சொல்லுது.

ஆனா, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீட்டுக்கு மேல இல்லாத திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயம் இல்ல. 500 சதுர மீட்டர்னா சுமார் 5,380 சதுர அடி, ரெண்டேகால் கிரவுண்ட். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி ஊர்கள்ல சின்ன மனையில ஆறு வீடு, எட்டு வீடுன்னு எழும்புற கட்டிடங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்னுடலாம். அதனால "ரெரா இருக்கே, பார்த்துக்கும்"னு அசந்துடாதீங்க.

அடுத்து நம்ம மாநிலச் சட்டத்தைப் பார்க்கணும். 1994ல போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு சட்டத்துக்குப் பதிலா 2022ல புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க. 2024 மார்ச் 6 முதல் அது அமல்ல இருக்கு. ஓனர்கள் அசோசியேஷன் அமைக்கிறதை அது வலியுறுத்துது. பழைய கட்டிடத்தை இடிச்சுக் கட்ட மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதிச்சா போதும்னும் சொல்லுது. அதாவது எட்டு வீட்ல ஆறு பேர் ஒத்துக்கிட்டா முடிவு நடக்கும். மீட்டிங் பக்கமே வராத ஆளோட வீட்டைப் பத்தியும் அந்த ஆறு பேர்தான் பேசுவாங்க.

மாடியும் பார்க்கிங்கும் யாருக்கு?

மொட்டை மாடி, திறந்தவெளி பார்க்கிங், படிக்கட்டு, லிஃப்ட், சம்ப் எல்லாத்தையும் ரெரா பொது இடம்னு பேர் சொல்லியே வரையறுக்குது. பில்லர்களுக்கு நடுவுல இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியா விலை பேசி விற்க முடியாதுன்னு, 2010ல நஹல்சந்த் லாலூசந்த் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அது மகாராஷ்டிரா சட்டத்தை வச்சு வந்த தீர்ப்பு. ஆனாலும் நாடு முழுக்க ஃப்ளாட் ஓனர்கள் எடுத்துக் காட்டுற தீர்ப்பு அதுதான்.

உரிமை இருக்கிறது ஒண்ணு, அதைக் கேட்கிறது இன்னொண்ணு. தனி ஆளா பில்டர்கிட்ட போய் சாவி கேட்டா, "நாளைக்கு வாங்க சார்"தான். பதிவு பண்ணின அசோசியேஷன், தீர்மானம் போட்டு, லெட்டர் பேடுல எழுதிக் கேட்டா அது வேற கதை. நீதிமன்றம் போனாலும் அந்தத் தீர்மானப் புத்தகம்தான் கூட வரும். வாட்ஸ்அப் குரூப் அதுக்கு உதவாது.

மாசக் கணக்கு

எட்டு வீடு, வீட்டுக்கு 2,000 ரூபாய்னா மாசம் 16,000. வாட்ச்மேன் (பார்ட் டைம்), கூட்டிப் பெருக்குறவங்க சேர்த்து 9,000. பொது கரண்ட் பில் 2,500. லிஃப்ட் வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாசம் 2,000. மோட்டார், சம்ப் சுத்தம் 1,000. மொத்தம் 14,500. மிச்சம் 1,500. மூணு வீடு கட்டலைன்னா வரவு 10,000தான், மாசம் 4,500 துண்டு விழும். முதல்ல நிறுத்துறது லிஃப்ட் பராமரிப்பை. அப்புறம் ஒரு நாள் மொத்தமா 18,000 கேட்டு வருவாங்க. தம்பி கட்டிடத்துல நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

பெயிண்ட், மாடி நீர்க்கசிவு, லிஃப்ட் மாதிரி பெரிய செலவுக்கு 7 வருஷத்துல 4 லட்சம் தேவைன்னு வச்சுப்போம். வீட்டுக்கு 50,000. மாசமாப் பிரிச்சா 600 ரூபாய்கூட வராது. இதைத் தனி அக்கவுண்ட்ல, மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்து போட்டாதான் எடுக்க முடியும்ங்கிற மாதிரி சேர்த்தா, யாரும் திடீர்னு பர்சனல் லோன் தேட வேண்டாம்.

இன்னொரு விஷயம். 2023 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு, 10 வீட்டுக்கு மேல போகாத, மூணு மாடிக்குள்ள இருக்கிற, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின் இணைப்புக் கட்டணத்தைக் குறைச்சு அறிவிச்சது. 8 ரூபாய்க்கு மேல இருந்த யூனிட் 5.50 ஆச்சு. அதுக்கப்புறம் கட்டண விகிதம் மாறியிருக்கு. உங்க கட்டிடத்துல லிஃப்ட் இல்லைன்னா, பொது பில் எந்தக் கட்டணப் பிரிவுல வருதுன்னு ஒரு தடவை பாருங்க. கேட்டு வாங்க ஒரு அசோசியேஷன் இல்லைன்னா, சலுகை இருந்தும் யாரும் கவனிக்க மாட்டாங்க.

நம்ம ஊருக்குத் தெரிஞ்ச பாடம்

பாலாத்துக்கும் நிலத்தடித் தண்ணிக்கும் தோல் கழிவால என்ன ஆச்சுன்னு நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். 1996 ஆகஸ்ட் 28ல, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தினவர்தான் அதுக்கான விலையைக் கொடுக்கணும்ங்கிற கொள்கை, இந்த நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு அந்தத் தீர்ப்புதான் உறுதியா சொன்னது. ஒவ்வொரு சின்ன தோல் ஷாப்பும் தனியா சுத்திகரிப்பு நிலையம் வைக்க முடியாது. அதனால சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துறாங்க. செலவையும் உறுப்பினர்கள் பகிர்ந்துக்கிறாங்க.

கட்டிடத்துல இருக்கிற செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் அதே மாதிரிதான். பொதுவா இருக்கிறதை எல்லாரும் "அடுத்தவன் பார்த்துப்பான்"னு விட்டா, பில் பல வருஷம் கழிச்சுப் பல மடங்கா வரும். அந்த பில்லைக் கட்டுறதுல நம்ம மாவட்டத்துக்கு அனுபவம் நிறைய.

இந்த மாசம் செய்ய வேண்டியது

• பத்திரத்துல உங்க யுடிஎஸ் எத்தனை சதுர அடின்னு பாருங்க. எட்டு பேரோடதையும் கூட்டினா மனை அளவு வருதான்னு சரிபாருங்க.

• அசோசியேஷன் பதிவாகியிருக்கா, விதிமுறைப் புத்தகம் இருக்கான்னு கேளுங்க.

• அனுமதி வரைபடம், லிஃப்ட், மோட்டார் பேப்பர்கள், மொட்டை மாடி சாவி எல்லாத்தையும் பில்டர்கிட்ட எழுத்துல கேளுங்க.

• வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, மெயின்டனன்ஸ் யார் கட்டுறதுன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. குடியிருப்பவர் கட்டலைன்னா அசோசியேஷன் உங்களைத்தான் கேட்கும்.

• கட்டினதுக்கெல்லாம் ரசீது வச்சுக்கோங்க. நாளைக்கு விற்கப் போனா, விவரம் தெரிஞ்சவங்க பாக்கி இல்லைங்கிற கடிதத்தை முதல்ல கேட்பாங்க.

தம்பி போன வாரம் திரும்பப் பேசினார். 18,000ஐ ரெண்டு தவணையாக் கட்டுறேன்னு ஒத்துக்கிட்டாராம். கூடவே ஒரு நிபந்தனை: அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முதல் விஷயமா மொட்டை மாடி சாவியைப் பத்திப் பேசணும். எட்டு வீட்ல ஏழு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. எட்டாவது வீட்டுக்காரர் பெங்களூர்ல இருக்கார். அவருக்கு இவரே போன் பண்ணப் போறாராம்.

உங்க கட்டிடத்துல அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?